நீதிபதி நியமனத்தை எதிர்த்து செனட்டருக்குப் போன் செய்யலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக): வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் மளிகைக் கடை நடத்துகிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 3 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். கடைக்குள் புகுந்து இரண்டு முறை மிரட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு முறைப்படி கைத்துப்பாக்கி வாங்கி, பயிற்சியும் எடுத்து, அதை உடன் எடுத்துச் செல்லும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நான் சேர்ந்திருக்கும் துப்பாக்கி உரிமையாளர் குழுவிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. எங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) சுப்பீரியர் நீதிமன்றத்துக்கு, அதாவது விசாரணை நீதிமன்றத்துக்கு, ஆளுநர் பெயர் கொடுத்திருக்கும் பெண் வழக்கறிஞர், மாநில அரசின் வக்கீலாக இருந்தபோது துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஆதரித்து வாதாடியவராம். "இவர் நம் எதிரி, உடனே உங்கள் செனட்டரை அழைத்து நிராகரிக்கச் சொல்லுங்கள்" என்கிறது செய்தி. அழைத்தால் தவறா? நாளை என் அனுமதி வழக்கு அவர் முன்னாலேயே போய் நின்றால் என்ன ஆகும்? "வந்த இடத்தில் நமக்கெதற்கு இந்த வம்பு" என்கிறாள் மனைவி. கிரீன் கார்டு வைத்திருக்கும் என் தம்பியும் அழைக்கலாமா? அடுத்த மாதம் மாமனார் சுற்றுலா விசாவில் வருகிறார். ஊரில் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர். அவரையும் ரேஞ்சுக்கு அழைத்துப் போக ஆசை.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தாராளமாக அழையுங்கள். நீதிபதி நியமனத்தைப் பற்றித் தன் தொகுதியின் மாநில செனட்டரிடம் பேசுவது குடிமகனின் உரிமை. துப்பாக்கி உரிமைக் குழுக்கள் இப்படி ஆள் திரட்டுவதும் சட்டப்படி சரிதான். தொழிற்சங்கங்கள் செய்கின்றன, கருக்கலைப்பு உரிமைக்காரர்களும் எதிர்ப்பாளர்களும் செய்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் கூச வேண்டும்? ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த அந்த வாசகத்தை அப்படியே ஒப்பிக்காதீர்கள். அதில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறு கடைசியில் உங்களைப் போன்றவர்களையே கடிக்கும்.

முதலில் இங்கே நீதிபதி எப்படி வருகிறார் என்று பார்த்துவிடுவோம். இந்தியாவில் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும், மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் கூடிப் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. நீங்களோ நானோ அதில் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இல்லினாய் போன்ற இடங்களில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூ ஜெர்சியில் 1947 அரசியலமைப்புச் சட்டப்படி ஆளுநர் பெயரைச் சொல்கிறார், மாநில செனட் ஒப்புதல் தருகிறது. பெயரை செனட்டுக்கு அனுப்புவதற்கு 7 நாள் முன்பே ஆளுநர் அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். பிறகு மாநிலத் தலைநகர் டிரென்டனில் செனட் நீதித்துறைக் குழுவின் விசாரணை. பிறகு 40 பேர் கொண்ட செனட்டில் குறைந்தது 21 ஓட்டு. கீழவையான அசெம்பிளிக்கு இதில் வேலையே இல்லை. ஆகவே உங்கள் தொகுதி அசெம்பிளி உறுப்பினரை அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இவை போக, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. 'செனட்டர் மரியாதை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நியமிக்கப்படுபவரின் சொந்தக் கவுண்டியைச் சேர்ந்த செனட்டர் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும், அந்தப் பெயர் அங்கேயே நின்றுவிடும். ஏன் என்று அவர் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஒரு போனுக்கு எடை வருவது இங்கேதான். அதே வழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2023 பிப்ரவரியில், காலியிடங்கள் நிரம்பாததால், தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் 6 கவுண்டிகளில் சிவில் வழக்கு விசாரணைகளையும் விவாகரத்து விசாரணைகளையும் நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்தக் கவுண்டிகளில் இருந்தவர்கள் விவாகரத்துக்கும் நஷ்ட ஈட்டுக்கும் காத்துக் கிடந்தார்கள்.

இனி அந்தக் கோளாறுக்கு வருகிறேன். பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் நடந்த கதை இது.

கேட்லின் ஹாலிகன் 2001 முதல் 2007 வரை நியூயார்க் மாநிலத்தின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். துப்பாக்கி தயாரிப்பாளர்கள் மீது, பொதுமக்களுக்கு ஊறு செய்கிறார்கள் என்று மாநிலம் வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்கில் மாநிலத்தின் தரப்பை அவர் எடுத்து வைத்தார். 2010-இல் அதிபர் ஒபாமா அவரை வாஷிங்டன் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தபோது தேசிய ரைபிள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அன்றைய விதிப்படி அமெரிக்க செனட்டில் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 ஓட்டு வேண்டும். 2011 டிசம்பரில் 54-45, 2013 மார்ச்சில் 51-41. இரண்டு முறையும் பெரும்பான்மை அவர் பக்கம் இருந்தும் கதவு திறக்கவில்லை. பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்து அதே நீதிமன்றத்துக்கு, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஸ்ரீ சீனிவாசன் 97-0 என்று ஒப்புதல் பெற்றார். நம்மவர்கள் அன்று எத்தனை பெருமைப்பட்டோம்! அவர் எக்ஸான் போன்ற பெரிய நிறுவனங்களுக்காக வாதாடியதையும் சிலர் குறையாகச் சொன்னதுண்டு. ஆனால் கட்சிக்காரருக்காகப் பேசியதை வைத்து வக்கீலை எடைபோடக் கூடாது என்ற நியாயம் அவர் விஷயத்தில் நின்றது. ஹாலிகன் விஷயத்தில் அது நிற்கவில்லை.

10 ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் உச்ச நிலை மாநில நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி இடம் காலியானது. ஆளுநர் ஹெக்டர் லசால் பெயரைச் சொன்னார். தொழிலாளர் உரிமை, கருக்கலைப்பு தொடர்பாக அவர் உடன்பட்டுக் கையெழுத்திட்ட சில தீர்ப்புகளைக் காட்டி எதிர்ப்புக் கிளம்பியது. 2023 பிப்ரவரியில் மாநில செனட் 39-20 என்று அவரை நிராகரித்தது. பிறகு அங்கே ஏற்கெனவே இருந்த ரோவன் வில்சன் தலைமை நீதிபதியாக, அவர் விட்ட இடத்துக்கு அதே ஹாலிகன் வந்தார். ஏப்ரலில் மாநில செனட் ஒப்புதல் தந்தது.

இந்த இரண்டு எதிர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லசாலை எதிர்த்தவர்கள் சொன்னது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் அவர்கள் கையில் இருந்தவை அவர் நீதிபதியாக உட்கார்ந்து கொடுத்த தீர்ப்புகள். அவை அவருடையவை, அவர்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஹாலிகன் மீது வைத்ததோ, வக்கீலாக அவர் கட்சிக்காரருக்காகப் பேசிய பேச்சு. உங்கள் கவுண்டியின் நியமனத்தில் உங்கள் குழு செய்வதும் இந்த இரண்டாவது வகைதான்.

அரசு வக்கீல் தன் வழக்கைத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை யாராவது எதிர்த்து வழக்குப் போட்டால், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் யார் மேஜைக்கு அந்தக் கோப்பு வருகிறதோ அவர் வாதாட வேண்டும். நானும் பலருக்காக நின்றிருக்கிறேன். எனக்குத் துப்பாக்கி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் துப்பாக்கியைத் திரும்பப் பெற வேண்டும் என்று வந்தவர்களுக்காக மனப்பூர்வமாக வாதாடியிருக்கிறேன். நாளை என்னைப் போன்ற ஒருவர் பெயர் செனட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "துப்பாக்கிக்காரர்களின் வக்கீல், இவரை விடாதீர்கள்" என்று எதிர்ப்பக்கம் போன் அடிக்கத் தொடங்கினால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நியூ ஜெர்சி செனட்டில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. ஓட்டு எண்ணிக்கையில் உங்கள் தரப்பு இங்கே சிறுபான்மை. கட்சிக்காரருக்காக வக்கீலைத் தண்டிக்கும் பழக்கத்தை செனட்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், அடுத்த அடி உங்கள் வக்கீல்கள் மீதுதான் விழும். அதன் பிறகு, நீதிபதி ஆகும் ஆசையுள்ள நல்ல வக்கீல் எவரும் உங்கள் வழக்கைத் தொடமாட்டார்.

சரி, சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதி கையில் உங்கள் துப்பாக்கி விஷயம் எங்கே வந்து விழுகிறது? இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

2022 ஜூன் வரை, துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல 'நியாயமான தேவை' இருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். காவல்துறைத் தலைவர் சரி என்றாலும் கடைசியில் சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதிதான் அனுமதி தர வேண்டும். கடைக்காரர்கள் எத்தனையோ பேர் அந்தப் படியில் தடுக்கி விழுந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் 6-3 என்று தீர்ப்புச் சொன்னதும் அந்த நிபந்தனை போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் மாநிலம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது காவல்துறைத் தலைவரே அனுமதி தருகிறார். அவர் மறுத்தால்தான் நீங்கள் சுப்பீரியர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போவீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். நினைத்தாலும் உங்கள் உரிமையை ஒழித்துக்கட்ட அவரால் முடியாது. மாநில உச்ச நீதிமன்றம் என்றால் கதை கொஞ்சம் மாறும். ஹவாயின் அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமைக்கு ஒரு பிரிவு இருந்தும், பொது இடத்தில் ஆயுதம் ஏந்தும் உரிமையை அது தனிமனிதருக்குத் தரவில்லை என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் சொன்னது. நியூ ஜெர்சி அரசியலமைப்பிலோ அப்படி ஒரு பிரிவே இல்லை. ஆகவே டிரென்டனின் அந்த 7 நீதிபதிகளில் ஒருவருக்கான நியமனம் வரும்போது நீங்கள் இன்னும் ஆழமாகக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இப்போது வந்திருப்பது விசாரணை நீதிமன்ற நியமனம்.

விசாரணை நீதிபதியின் குணம் தெரியும் இடம் வேறு. 2019 செப்டம்பர் முதல் இங்கே 'தீவிர அபாயப் பாதுகாப்பு ஆணை' என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒருவர் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று குடும்பத்தாரோ போலீசோ மனுக் கொடுத்தால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே தற்காலிக ஆணை போட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளலாம். 10 நாளுக்குள் முழு விசாரணை நடக்க வேண்டும்.

அப்படி ஒரு விசாரணையில், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன், நான் ஒரு தமிழருக்காக ஆஜரானேன். அண்ணன் தம்பிச் சண்டை, ஊரில் இருக்கும் வீட்டு மனைக்காக. தம்பி தாக்கல் செய்திருந்தது ஒரே ஒரு கைப்பேசிச் செய்தி. "கொன்றுவிடுவேன்" என்று எழுதியிருந்தது. கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு. எங்கள் நீதிபதி அதற்குமுன் பல ஆண்டு அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்தியவர். என் கட்சிக்காரர் அது தெரிந்ததுமே நம்பிக்கை இழந்து, கைக்குட்டையை உள்ளங்கையில் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். நீதிபதி அந்தத் தாளை ஒருமுறை படித்தார். "இதற்கு முந்தைய செய்தி எங்கே? அடுத்த செய்தி எங்கே?" என்று கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து, அந்த ஒரு மாத உரையாடல் முழுவதையும் வரிவரியாகப் படிக்கச் சொன்னார். அம்மாவின் சர்க்கரை அளவு, பேரனின் பிறந்தநாள், நடுவில் மனைத் தகராறு, அதில் இந்தச் சொல். மறுநாள் காலையில் தம்பியே "அண்ணா, கோபம் போயிற்றா?" என்று கேட்டிருந்தார். நீதிபதி அத்தோடு விடவில்லை. வீட்டில் குழந்தைகள் உண்டா, துப்பாக்கி எந்தப் பெட்டியில், சாவி யாரிடம் என்று முக்கால் மணி நேரம் கேட்டுத் துளைத்தார். கடைசியில் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஒரு தாளோடு நிறுத்திக்கொள்ளும் நீதிபதியாக இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும். வேறொரு வீட்டில் அதே சொல் உண்மையான மிரட்டலாகவும் இருக்கலாம், அதையும் முந்தைய பிந்தைய செய்திகளைப் படிக்கிறவர்தான் கண்டுபிடிப்பார்.

நீதிபதியிடம் எதிர்பார்க்க முடியாததும் ஒன்று உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர், தன் மாநில அனுமதி இங்கேயும் செல்லும் என்று நம்பி, 2013-இல் அட்லாண்டிக் கவுண்டியில் போலீஸ் நிறுத்தியபோது காரில் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். அதற்கு இங்கே குறைந்தபட்சத் தண்டனையே மூன்றரை ஆண்டு. 2015-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அந்தக் கடுமை சட்டமன்றம் வைத்தது. அதை மாற்ற வேண்டுமானால் உங்கள் குழு சட்டமன்றத் தேர்தலில் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று. இந்த அம்மையாருக்கு ஒப்புதல் கிடைத்தாலும் முதல் பதவிக் காலம் 7 ஆண்டுதான். பிறகு ஆளுநர் மறுபடி பெயர் சொல்லி, செனட் மறுபடி ஏற்றால் 70 வயது வரை இருக்கலாம். அந்த 7 ஆண்டில் அவர் கொடுத்த தீர்ப்புகளைப் பார்த்துவிட்டு நீங்கள் பேசலாம். அன்று உங்கள் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும். ஆனால் அதையும் கவனமாகத்தான் சொல்கிறேன். 2010-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் வாலஸை மறுநியமனம் செய்ய மறுத்தார். 1947 அரசியலமைப்பு வந்த பிறகு, தொடர விரும்பிய நீதிபதி ஒருவருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பதிலடியாக 2012-இல் செனட் குழு கிறிஸ்டி பரிந்துரைத்த இருவரை அடுத்தடுத்து நிராகரித்தது. அதில் ஒருவர், தென் கொரியாவில் பிறந்து இங்கே வளர்ந்த பிலிப் குவான், 7-6 என்ற ஓட்டில் வீழ்ந்தார். ஏழாம் ஆண்டை நினைத்து நடுங்கும் நீதிபதி, மக்களுக்குப் பிடிக்காத தரப்பின் பக்கம் நியாயம் இருந்தாலும் சொல்லத் தயங்குவார். நியூ ஜெர்சியில் மக்களுக்குப் பிடிக்காத தரப்பு எது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே செனட்டர் அலுவலகத்தில் என்ன சொல்வது? பெயர், ஊர், தொகுதியில் வசிப்பவர் என்பதைச் சொல்லுங்கள். கடை நடத்துகிறேன், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பிறகு செனட் நீதித்துறைக் குழுவில் இந்த அம்மையாரிடம் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: எதிராக வாதாடிய தரப்பின் வழக்குத் தன் முன் வந்தால் எப்படி அணுகுவார்? தான் வாதாடிய அதே சட்டம் பற்றிய வழக்கு வந்தால் விலகிக்கொள்வாரா? பாதுகாப்பு ஆணை மனுவில் எந்த அளவு ஆதாரம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்? மேல்முறையீட்டில் காவல்துறை சொன்னதை அப்படியே ஏற்பாரா, தானே சாட்சியத்தைப் பார்ப்பாரா? "எனக்கு அனுமதி தருவாரா" என்று மட்டும் கேட்க வேண்டாம். வரப்போகும் வழக்கில் இன்னபடி தீர்ப்பேன் என்று வாக்குக் கொடுப்பதை நீதிபதி நடத்தை விதிகள் தடுக்கின்றன. இந்தக் கேள்விகளுக்கு அவர் மழுப்பினால், அப்போது எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். நேரிலும் போய்ப் பேசலாம். குழு விசாரணையில் பொதுமக்களுக்கு நேரம் உண்டு. நியமிக்கப்படுபவர்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்து வந்திருப்பார்கள். பெரும்பாலான பெயர்கள் சில நிமிடங்களில் கடந்துபோய்விடும். அங்கே நிதானமாகப் பேசும் ஒரு கடைக்காரரின் குரலைக் கவனிப்பார்கள்.

உங்கள் வழக்கு பின்னால் அவரிடமே போனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். செனட்டர் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளின் பட்டியல் நீதிபதி மேஜைக்குப் போவதில்லை. பொது விசாரணையில் அவரை எதிர்த்துப் பேசியிருந்தால், அவர் விலக வேண்டும் என்று உங்கள் வக்கீல் மனுப் போடலாம். ஆனால் அவரையே நேரில் அழைப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எதுவும் கூடாது.

அவர் வீட்டுப் பக்கம் போகவே கூடாது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2020 ஜூலையில், உங்கள் கவுண்டியிலேயே, நார்த் பிரன்ஸ்விக்கில், மத்திய நீதிபதி எஸ்தர் சலாஸ் வீட்டுக் கதவை, பார்சல் கொண்டுவந்தவர் போல ஒரு வக்கீல் தட்டினான். கதவைத் திறந்த 20 வயது மகன் டேனியல் சுட்டுக் கொல்லப்பட்டார், கணவர் படுகாயம் அடைந்தார். அந்தப் பையன் பெயரால்தான் நீதிபதிகளின் வீட்டு முகவரியை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டு நவம்பரில் இங்கே வந்தது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இந்த அம்மையாரின் முகவரியைப் போட்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். "இவர் நம் எதிரி" என்ற அந்த வரியையும் திருத்தச் சொல்லுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போகும் செய்தியில் அந்தச் சொல் வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு: பயம் நியாயமானது. ஆனால் இது வம்புக்குப் போவது ஆகாது. வரி கட்டுகிற ஊரில் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். தம்பியும் அழைக்கலாம், விசாரணையில் பேசலாம். ஓட்டுப் போடும் உரிமைதான் அவருக்கு இல்லை. தேர்தல் நன்கொடையைப் பொறுத்தவரை கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தடை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. குழுவில் பணம் திரட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

மாமனார் விஷயம்தான் எல்லாவற்றையும்விட அவசரம். சுற்றுலா விசாவில் வருபவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். இங்கே முறைப்படி பெற்ற வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் பத்து நிமிடம் வாடகைக்கு எடுத்தாலும், உங்கள் துப்பாக்கியைப் படம் எடுப்பதற்காக அவர் கையில் கொடுத்தாலும் இதே சட்டம்தான். கொடுத்த உங்கள் மீதும் வழக்கு வரும், உங்கள் அனுமதி விண்ணப்பமும் அத்தோடு முடிந்துவிடும். ஊரில் ஒவ்வொரு தேர்தலுக்கும் இரட்டைக்குழலைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, எண்ணிக்கை முடிந்ததும் போய் எடுத்து வருகிறவராக இருந்திருப்பார். விதியைச் சொன்னால் புரிந்துகொள்வார். அவர் வருவதற்கு முன்பே உங்கள் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.